விசைப்பலகை செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கீபோர்டு, மவுஸ், மடிக்கணினி என்று எங்கள் மேசைக்கு வந்து சேருகிற சாமான்களை வரைந்து, அச்சு வார்த்து, பெட்டியில் போட்டு அனுப்புகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஒரு நிறுவனத்தைத் தனியாகப் பிடித்துக் கேட்க எனக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் பெயர்தான் வேறு வேறு, பொருள் ஒன்றுதான். கடைக்குப் போய் ஐந்நூறு ரூபாய்க்கு ஒன்று, ஐயாயிரத்துக்கு ஒன்று வாங்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை கூடினதில் விளக்கு எரியும், சத்தம் மாறும், விசையின் மேல் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும். விரல் போய் விழுகிற இடம் மட்டும் அப்படியே இருக்கும்.

நான் சிவகாசியில் டிடிபி ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் எழுத்தடித்து அச்சுக்குப் பக்கம் அமைக்கிற வேலை. 21 வருடமாகத் தமிழ் அடிப்பதுதான் சோறு போடுகிறது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் வரும் என்றாலும் பெரிய வேலை தினசரி காலண்டர். ஆடி 18 அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும், அதிலிருந்து மார்கழி வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. நல்ல நேரம், யோகம், சூலம், நட்சத்திரம், ஞாயிறு. இந்தச் சொற்களை வேண்டுமென்றேதான் வரிசையாக எழுதினேன், பின்னால் இவற்றுக்குத் திரும்பி வருவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கப் போனேன், வலது கையால் திருக முடியவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே ஆரம்பித்து மணிக்கட்டின் வெளிப்பக்கம் வழியாக முழங்கை வரைக்கும் ஒரு கோடு இழுத்த மாதிரி வலி. அதற்கு முன்பே ஆறேழு மாதமாக அவ்வப்போது வலித்துக்கொண்டுதான் இருந்தது, தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். டாக்டர் தசைநாண் புண்பட்டிருக்கிறது என்றார், ஆறு வாரம் ஓய்வு என்றார், அப்புறம் தன் மேசையில் இருந்த கீபோர்டை என் பக்கம் தள்ளி வைத்து, "எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள்" என்றார். நான் கையை வைத்தேன். அவர் ஒரு ஸ்கேலை எடுத்து என் முன்கை மேல் நீளவாக்கில் வைத்தார். ஸ்கேல் ஒரு திசையில் போனது, என் நடுவிரல் வேறு திசையில் போனது. மணிக்கட்டு வெளிப்பக்கமாக, சுண்டுவிரல் பக்கம் ஒடிந்து நின்றது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் மேல்நோக்கியும் ஒடிந்து நின்றது. இப்படியே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார். பத்து என்றேன்.

வலிக்குக் கீபோர்டு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வேலை நேரம், நாற்காலி, தூக்கம், வயது எல்லாம் சேர்ந்ததுதான் வலி. ஆனால் அந்த ஸ்கேல் காட்டிய கோணம் என் கண்ணை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் அது என் தப்பு இல்லை. நம் இரண்டு கையும் தோளில் இருந்து உள்நோக்கிச் சாய்வாக வந்து மேசையில் சேருகின்றன. நீங்கள் கொடுக்கிற பலகையோ நேர்க்கோட்டில், இரண்டு கையும் ஒட்டி இருக்கிற மாதிரி, நெஞ்சுக்கு நடுவே ஒரு சின்ன இடத்துக்குள் எல்லா எழுத்தையும் அடைத்து வைத்திருக்கிறது. முன்கை சாய்வாக வர, விசை நேராக நிற்க, நடுவில் இருக்கிற மணிக்கட்டுதான் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தப் பின்பக்கக் கால்கள். கீபோர்டைத் திருப்பினால் மேல் ஓரத்தில் இரண்டு மடக்குக் கால் இருக்குமே, அதை நிமிர்த்தினால் பலகையின் பின்பக்கம் உயரும், உள்ளங்கை கீழே இருக்க விரல்கள் மேலே ஏறும், மணிக்கட்டு இன்னும் பின்னுக்கு மடங்கும். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான பாதை இருக்கிறது, ஒன்பது தசைநாணும் ஒரு முக்கியமான நரம்பும் அதன் வழியாகத்தான் விரல்களுக்குப் போகின்றன. கையை இப்படி மடக்க மடக்க அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடும். கைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான சாய்வு, முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். எங்கள் ஆபீசில் ஆறு கீபோர்டு இருக்கின்றன, ஆறிலும் கால் பின்பக்கம்தான். அன்று சாயங்காலமே ஆறையும் மடக்கிவிட்டு முன்பக்கம் ஒரு காலண்டர் அட்டைத் துண்டை மடித்து வைத்தேன். செலவே இல்லாத காரியம். அதை ஏன் நாங்கள் அட்டை வைத்துச் செய்ய வேண்டும்?

பழைய டைப்ரைட்டரில் இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்பீர்கள். நான் கற்றதே அதில்தான். பத்தாவது முடித்த லீவில் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார்கள், முதலில் ஆங்கிலம் லோயர், பிறகு தமிழ் லோயர், ஹையர். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ஆரம்பித்து நாள் முழுக்க ஒரே வரி. எங்கள் மாஸ்டர் பின்னால் நடந்துகொண்டே இருப்பார், யாருடைய மணிக்கட்டாவது இறங்கினால் பென்சிலால் கீழிருந்து ஒரு தட்டு. கை காற்றில் நிற்க வேண்டும், முன்கையும் புறங்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், விசையைக் குத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடிக்கும், இடது கையைத் தூக்கி, தாளைச் சுமக்கிற கேரேஜைத் தள்ளுவோம். தாள் மாற்றும்போது ஒரு நிமிடம் கை சும்மா இருக்கும். இன்றைக்கு யோசித்தால் அந்த இயந்திரம் தெரிந்தோ தெரியாமலோ கைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் வந்து வரியும் மணியும் தாளும் போய்விட்டன, கை ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டது. ஆனால் விசைகளின் ஏற்பாடு மட்டும் டைப்ரைட்டரில் இருந்தது அப்படியே தொடர்கிறது.

அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மில்வாக்கி ஊரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் அவர் கூட்டாளிகளும் 1868 இல் காப்புரிமை வாங்கினார்கள், துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் அதைத் தயாரித்து 1874 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நீளமான நெம்புகோல். மேல் வரிசையின் நெம்புகோல் கீழ் வரிசை விசைகளுக்கு இடையில் புகுந்து போக வேண்டும், ஒன்றுக்கு நேர் பின்னால் இன்னொன்று இருந்தால் இடிக்கும். அதனால்தான் வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். இன்றைய கீபோர்டில் க்யூவுக்கும் ஏ-வுக்கும் இடையே கால் விசை தள்ளல், ஏ-வுக்கும் இசட்-டுக்கும் இடையே அரை விசை தள்ளல். நெம்புகோல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது உள்ளே இருப்பது மின்தடம் அச்சடித்த இரண்டு பிளாஸ்டிக் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஒரு தாள், மேலே ரப்பர் குமிழ். எதுவும் எதையும் இடிக்காது. ஆனாலும் தள்ளல் மட்டும் நிற்கிறது. இதில் வலது கைக்காவது ஓரளவு ஒத்துப்போகிறது, இடது கைக்கு நேர் எதிர்த்திசை. இடது முன்கை இடது கீழிருந்து வலது மேலாக வருகிறது, விசைகளோ வலது கீழிருந்து இடது மேலாகச் சாய்கின்றன. இசட் அடிக்கும்போது உங்கள் இடது கையை நீங்களே ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

இன்னொன்று. அந்த முதல் ரெமிங்டன் இயந்திரம் தையல் மெஷின் மாதிரி ஸ்டாண்டில்தான் வந்தது, கேரேஜைத் திருப்ப காலால் மிதிக்கிற பெடலும் இருந்தது. அன்றைக்கே காலுக்கு ஒரு வேலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு எங்கள் ஊரில் தையல் கடைக்குப் போனால் அந்த அண்ணன் இரண்டு கை, இரண்டு கால், முழங்கால் எல்லாவற்றையும் பிரித்து வேலை வாங்குகிறார், எங்கள் மேசையில் ஒரு சுண்டுவிரலே ஷிப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் என்று மூன்று பெரிய விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது.

யாருக்கும் தெரியாத விஷயத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. 1926 இலேயே ஜெர்மனியில் க்ளாக்கன்பெர்க் என்பவர் விசைகளை இரண்டு பாதியாகப் பிரித்துச் சாய்த்து வைக்க வேண்டும் என்று எழுதினார். 1972 இல் கார்ல் க்ரோமர் பிரித்துச் சாய்த்த பலகையை வைத்து ஆராய்ச்சி செய்து கட்டுரை வெளியிட்டார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த லில்லியன் மால்ட் என்கிற பெண்மணியும் ஸ்டீபன் ஹாப்டே என்கிற பொறியாளரும் சேர்ந்து மால்ட்ரான் கீபோர்டைச் செய்தார்கள். விரல்களின் நீளத்துக்கு ஏற்றபடி குழிந்த இரண்டு கிண்ணம், ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் தனியாக ஒரு விசைக் கூட்டம். ஆங்கிலத்தில் அதிகம் வருகிற ஈ எழுத்தைத் தூக்கிக் கட்டைவிரலுக்குக் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது லில்லியன் மால்ட்தான். நாள் முழுக்க மாணவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அதனால்தான் அவருக்குக் கட்டைவிரல் சும்மா இருப்பது தெரிந்தது.

90களில் கினசிஸ் என்கிற நிறுவனம் அதே கிண்ண வடிவத்தைச் செய்தது. 1994 இல் மைக்ரோசாப்ட் நடுவில் பிளந்து சாய்த்த நேச்சுரல் கீபோர்டை 100 டாலருக்குள் கொண்டுவந்தது. வரிசைத் தள்ளலை அவர்களும் விடவில்லை, கட்டைவிரலுக்கும் புது வேலை எதுவும் தரவில்லை, இருந்தாலும் உள்ளே சாதாரண ரப்பர் குமிழை வைத்துக்கொண்டே வெளி வடிவத்தை மாற்ற முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய பெட்டி அது. 1995 இல் ஐபிஎம்மில் ஜான் காரிடிஸ் ஒரு சின்ன மடிக்கணினிக்குள், மூடியைத் திறந்ததும் இரண்டு துண்டாக நகர்ந்து விரிந்து உடம்பைவிட அகலமாகிற கீபோர்டையே வைத்தார். பட்டாம்பூச்சி என்று பெயர். 30 வருடத்துக்கு முன்னால் இயந்திர நுணுக்கத்தில் அவ்வளவு செய்தவர்கள் நீங்கள்தான். அதனால் முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த ஆறு வார ஓய்வில் (உண்மையில் நான்கு வாரம்தான், சீசன் விடவில்லை) ஆபீஸ் ஸ்டாம்ப் பேடை எடுத்து விரல் நுனிகளில் மையைத் தொட்டு, கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கம் கையை இயல்பாக வைத்து எடுத்தேன். ஐந்து புள்ளி. நடுவிரல் புள்ளி எல்லாவற்றுக்கும் மேலே, மோதிரவிரலும் ஆள்காட்டியும் கொஞ்சம் கீழே, சுண்டுவிரல் நடுவிரலைவிட 23 மில்லிமீட்டர் கீழே. கட்டைவிரல் பக்கவாட்டில், உள்ளங்கைக்குக் கிட்டத்தில். பிறகு விரல்களை நீட்டி மடக்கி அதே மாதிரி வைத்தேன். ஒவ்வொரு விரலும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் மேலும் கீழும் போகிறது. அந்தத் தாளை என் கீபோர்டு மேல் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூடச் சரியாகப் பொருந்தவில்லை. இத்தனை வருடம் நான் அடித்தது என் கைக்கு அல்லாத ஒரு பலகையில் என்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது.

அப்புறம் தேடினேன். எர்கோடாக்ஸ், கார்னே என்று உலகத்தில் பல பேர் பிரித்த கீபோர்டுகளைச் செய்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஓடுகிற கியூஎம்கே மென்பொருளும் இலவசம். இவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து செய்தவர்கள். அவர்களுக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரியது. முதல் பலகையைக் காலண்டர் அட்டையில்தான் செய்தேன், நான்கு அட்டையை ஒட்டித் தடிமனாக்கி, கட்டர் பிளேடால் 14 மில்லிமீட்டர் சதுர ஓட்டைகள். டையோடும் ஒயரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன், விசைகள் தபாலில் வந்தன. ஒரு பாதிக்கு 21 விசை. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால் காடாகிவிடும், அதனால் கிடைவரிசை நான்கு, நெடுவரிசை ஆறு என்று கோர்த்தால் பத்தே ஒயரில் முடிந்துவிடுகிறது. சில்லு ஒவ்வொரு வரிசையாகத் தட்டிப் பார்த்து எந்தக் குறுக்கில் அழுத்தம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். மூன்று விசையைச் சேர்த்து அழுத்தும்போது நான்காவது ஒன்று தானாக விழாமல் இருக்கத்தான் ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஒரே பக்கம் விடுகிற ஒரு டையோடு, அதன் கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நான் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு, ம மட்டும் வராமல் இரண்டு இரவு தேடினேன். மூளையாக வைத்தது ராஸ்பெர்ரி பை பிக்கோ, 2021 இல் 4 டாலருக்கு வந்த, சில்லு பதித்த சின்ன அட்டை. எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. இதைச் சில்லறையாக வாங்கின ஒரு ஆள் சொல்கிறேன், லட்சக்கணக்கில் வாங்குகிற உங்களுக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வலிக்குப் பாதி விடை இங்கேதான் இருந்தது. நான் பழைய டைப்ரைட்டர் முறையில் இருந்து தமிழ்99 க்கு மாறி 12 வருடம் ஆகிறது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் விசைப்பலகைத் தரம் அது, அருமையான யோசனை. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில், அதனால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். க-வை இரண்டு தடவை அடித்தால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்து. ஆங்கிலத்துக்கு வேண்டியது 26. மிச்சம் ஐந்து எங்கே போகும்? வலது கையின் வெளி ஓரத்துக்குத்தான். ஆங்கிலத்தில் அரைப்புள்ளியும் மேற்கோளும் சதுர அடைப்பும் சாய்கோடும் இருக்கிற இடத்தில் ந, ய, ச, ஞ, ழ உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்தில் பீ இருக்கிற இடத்தில் ண. ஆறும் வலது சுண்டுவிரலின் பங்கு.

மேலே எழுதின காலண்டர் சொற்களைப் பாருங்கள். நல்ல நேரம் சுண்டுவிரல், யோகம் சுண்டுவிரல், சூலம் சுண்டுவிரல், நட்சத்திரம் இரண்டு தடவை, ஞாயிறு இரண்டு தடவை. பழச்சாறு என்று ஒரு சொல். ழ, ச, ச என்று மூன்று அடி அடுத்தடுத்து ஒரே சுண்டுவிரல், அதுவும் கீழ் வரிசையில் இருந்து மேல் வரிசையின் வெளி ஓரத்துக்குத் தாவி. என்னோடு வேலை பார்க்கிற அக்காவுக்குக் கை சின்னது, அவரால் தாவவே முடியாது, ஒவ்வொரு ச-வுக்கும் மொத்தக் கையையும் தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப வருவார். நான் தமிழ்99 ஐக் குறை சொல்லவில்லை. அதைச் செய்தவர்களுக்கு முன்னால் இருந்தது நீங்கள் கொடுத்த பலகை, அதற்குள் 31 எழுத்தையும் எண் வரிசையைத் தொடாமல் மூன்றே வரிசையில் பொருத்தினார்கள், அதுவே பெரிய காரியம். அவர்களுக்குக் கட்டைவிரலுக்கு விசை இருக்கிற பலகை கையில் இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கட்டைவிரல்தான் கையிலேயே பலமான விரல். உங்கள் ஸ்பேஸ்பார் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் நீளம், இரண்டு கட்டைவிரலுக்கும் சேர்த்து அந்த ஒரே வேலை, அதிலும் என் சொந்தப் பலகை வருகிற வரைக்கும் என் இடது கட்டைவிரல் எதையும் அடித்ததே இல்லை. என் பலகையில் ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் மூன்று விசை. இடது கட்டைவிரலுக்குப் புள்ளியைக் கொடுத்தேன். தமிழ்99 இல் புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் விசை எஃப்தான், அதனால் கணினிக்கு எஃப் அழுத்தின மாதிரியே தெரியும், ஆனால் அழுத்துவது கட்டைவிரல். "கற்றுக்கொடுத்தார்கள்" என்று அடிக்க 17 அடி வேண்டும், தானாக விழுகிற மூன்று புள்ளி போக இரண்டு புள்ளியை நாமே வைக்க வேண்டும். அந்த இரண்டும் இப்போது கட்டைவிரலுக்குப் போய்விட்டது. எஃப் இருந்த இடம் காலியானதா, ச-வைக் கொண்டுவந்து அங்கே வைத்தேன். ச-வின் பழைய இடத்தில் ஞ. அவ்வளவுதான், 31 எழுத்தும் உட்கார்ந்துவிட்டன, ஒவ்வொரு பக்கமும் ஆறு நெடுவரிசைக்கு மேல் போகவில்லை. என்டரும் பேக்ஸ்பேசும் வலது கட்டைவிரலுக்கு. ஆங்கிலம் வேண்டும்போது ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். கேப்ஸ் லாக் வைக்கவே இல்லை. பெரிய எழுத்தே இல்லாத மொழிக்கு, இடது சுண்டுவிரல் ஓய்வாக இருக்கிற வரிசையில் அவ்வளவு பெரிய விசை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

பழக மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் பாதி வேகம்கூட இல்லை, மூன்றாவது வாரத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. வலி ஒரே நாளில் போகவில்லை, பயிற்சியும் ஓய்வும் சேர்த்து ஐந்தாறு மாதம் ஆனது, இன்றைக்கு டிபன் பாக்ஸ் திறக்க முடிகிறது. அடுத்தவர் மேசையில் உட்கார்ந்தால் பழைய கீபோர்டிலும் அடிக்கிறேன், மறக்கவில்லை. அதனால் "ஜனங்கள் பழக மாட்டார்கள்" என்கிற பதிலை என்னிடம் சொல்லாதீர்கள். டைப்ரைட்டரில் ஹையர் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து, பழைய எழுத்துருவில் இருந்து யுனிகோடுக்கு வந்து, அப்புறம் தமிழ்99 க்கும் வந்த ஆட்கள் நாங்கள். பட்டன் போனில் இருந்து தொடுதிரைக்கு இந்த நாடே ஒரு சில வருடத்தில் மாறியது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எல்லாரும் கிண்ண வடிவத்துக்கு மாற வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஐந்நூறு ரூபாய் கீபோர்டிலேயே நெடுவரிசைகளை நேராக்குங்கள், நடுவிரல் நெடுவரிசையைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கை அளவாவது இடைவெளி விடுங்கள். எழுத்து எதுவும் இடம் மாற வேண்டாம், க்யூவுக்கு அடுத்தது டபிள்யூவாகவே இருக்கட்டும். அதே ரப்பர் குமிழ், அதே மூன்று தாள், அச்சு மட்டும் புதிது. ஸ்பேஸ்பாரை நான்காகவோ ஆறாகவோ வெட்டி, அவற்றுக்கு என்ன வேலை என்பதை நாங்களே வைத்துக்கொள்ள விடுங்கள். எண் பலகையைக் கழற்றி வைக்கிற மாதிரி செய்யுங்கள், அது வலது பக்கம் நிரந்தரமாக நிற்பதால் மவுஸ் தோளுக்கு வெளியே போய்விடுகிறது, எங்கள் அக்கவுண்ட்ஸ் தம்பியைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. கால் வைப்பதானால் முன்பக்கம் வையுங்கள்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விசையின் நடுவில் இருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம், ஆறடி ஆளுக்கும் அதுதான், ஐந்தடி இல்லாத எங்கள் அக்காவுக்கும் அதுதான். செருப்புக் கடையில் ஒரே அளவு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வியாபாரம் நடக்குமா? 17 மில்லிமீட்டரில் ஒன்று செய்து பாருங்கள். அவருக்காக நான் செய்த இரண்டாவது பலகை அந்த அளவில்தான் இருக்கிறது, ச-வுக்குக் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார்.

மடிக்கணினிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திரையும் கீபோர்டும் ஒட்டி இருக்கிற வரைக்கும் கழுத்தா கையா, இரண்டில் ஒன்றுக்கு வலிதான். கை சரியான உயரத்தில் இருந்தால் தலை குனிய வேண்டும், திரையை உயர்த்தினால் கை தூக்கி நிற்க வேண்டும். கீபோர்டு கழன்று வரட்டும், அது இரண்டாகவும் பிரியட்டும். பட்டாம்பூச்சி செய்த கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. அதே ஐபிஎம்மில் டெட் செல்கர் விசைகளுக்கு நடுவே ஒரு சின்ன சிவப்புக் குமிழை வைத்து, கையை எடுக்காமலே சுட்டியை நகர்த்தலாம் என்று 1992 இல் காட்டினார், அந்த எண்ணம் இன்னும் பல மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அப்புறம் பழுது. போன வருடம் என் மடிக்கணினியில் ஒரே ஒரு விசை செத்துப்போனது, ர. சர்வீஸ் சென்டரில் ஒரு விசையை மாற்ற முடியாது, மேல்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள், கீபோர்டை உடம்போடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள். 42 விசையையும் சாலிடர் வைத்த எனக்கு அது புரியவே இல்லை. என் பலகையில் ஒரு விசை போனால் இருபது, முப்பது ரூபாய், பத்து நிமிடம்.

உங்களில் சிலர் நல்ல கீபோர்டும் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் 300, 400 டாலர் விலை போட்டு, ஏற்கனவே கை போனவர்களுக்கு மருந்து மாதிரி விற்கிறீர்கள். எங்கள் தெருவில் எட்டு டிடிபி கடை இருக்கிறது, ஒரு கடையிலும் அதை வாங்க முடியாது. வலி வருகிறதும் இந்தக் கடைகளில்தான், தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் மனு அடித்துக் கொடுக்கிற கடைகளில்தான், நாள் முழுக்க தரவு ஏற்றுகிற பிள்ளைகளுக்குத்தான். அவர்கள் வாங்குகிற விலையில் இது வர வேண்டும்.

என் பலகை இரண்டின் வரைபடத்தையும், தமிழ்99 இல் எந்த எழுத்தை எங்கே நகர்த்தினேன் என்கிற பட்டியலையும் யார் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம், பெயர்கூடப் போட வேண்டாம். எங்கள் ஆபீசில் ஆறு பேருடைய கையையும் ஸ்டாம்ப் பேடில் தொட்டுக் காலண்டர் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன், ஆள் உயரமும் கை நீளமும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆறும் ஆறு மாதிரி. ஆனால் ஆறிலும் நடுவிரல் புள்ளிதான் மேலே இருக்கிறது, சுண்டுவிரல் புள்ளிதான் தாழ்ந்து இருக்கிறது. உங்கள் அடுத்த கீபோர்டுக்கு அச்சு வெட்டுவதற்கு முன்னால் உங்கள் வரைகலைஞரிடம் ஒரு ஸ்டாம்ப் பேடும் ஒரு தாளும் கொடுத்து இதையே செய்யச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளை உங்கள் இப்போதைய பலகையின் மேல் வைத்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
சிவகாசியில் இருந்து ஒரு டிடிபி ஆபரேட்டர்